ஆட்டிடம் கடைசியாகப் பேசியவர்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்கு இந்த நடை ஓரம்தான் வேண்டும். காற்று ஆகாது என்றெல்லாம் இல்லை. இங்கே உட்கார்ந்தால்தான் முன்வரிசை தெரியும். டிரைவருக்குப் பின்னால் பெண்கள் சீட்டில், பச்சைச் சேலை, கொண்டையில் கனகாம்பரம், தெரிகிறதா? அது என் சம்சாரம், மயிலாத்தாள். அவளும் நடை ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்க. எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தை மாதத்திலிருந்து.

சேர்ந்துதான் வந்தோம். சேர்ந்துதான் இறங்குவோம். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், எனக்கு மறுபரிசோதனை. சேர்ந்து போவதற்கும் பேசுவதற்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பஸ்ஸில் இத்தனை பேர் சேர்ந்துதான் போகிறோம், எல்லாருமா பேசிக்கொள்கிறோம்?

நான் காங்கயம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். கிட்டுசாமி என்று கேட்டுப் பாருங்க, பழைய டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் தெரியும். பஸ்காரர்களுக்குள் நடக்கிற நேரச் சண்டை உங்களுக்குத் தெரியாது. முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தாமதித்தால் பின்னால் வருகிற வண்டியின் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் நான் ஒருத்தன், விசிலும் கையுமாக. நான் ஊதினால்தான் வண்டி கிளம்பும். கல்யாணத்துக்குப் போகிறவன், கோர்ட்டுக்குப் போகிறவன், சாவுக்குப் போகிறவன், எல்லாரும் என் விசிலுக்குத்தான் போனார்கள்.

அப்படிப்பட்டவனைப் பற்றி அவள் என்ன சொன்னாள் தெரியுமா? தை மாதம், அவள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தி நடக்கிறது. சம்பந்தி வகையில் ஒரு பெரியவர், "உங்களுக்கு என்ன உத்தியோகமுங்க?" என்று கேட்டார். என்னிடம் கேட்டார். என்னிடம். நான் வாயில் இருந்த ஜாங்கிரியை விழுங்குவதற்குள், பரிமாறிக்கொண்டிருந்த இவள் சொல்கிறாள்: "எங்க ஊட்டுக்காரருக்கு பஸ் போறதைப் பாக்கற உத்தியோகமுங்க. ஒரு பஸ்ஸைக்கூட உடலீங்க, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் ரிட்டயர் ஆனாரு."

பந்தியே சிரித்தது. பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்துப் புரையேறினவருக்கு நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன் தம்பி.

அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பேசுகிறேன். அவள் என்ன சொன்னாள்? "விளையாட்டுக்குச் சொன்னது. இதுக்கொரு மொகமா?" என்றாள். விளையாட்டாம்.

பேசாமல் குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருக்கிறது. வாசல் வேப்பமரத்தில் கட்டியிருப்போம். எனக்குக் காப்பி வேண்டுமென்றால் ஆட்டிடம் போய், "ஏ ஆடு, சில பேருக்குக் காப்பி வெக்கற நெனப்பே இல்லையாட்ட இருக்குது" என்பேன். அடுப்படி ஜன்னல் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவள் உள்ளேயிருந்து, "ஏ ஆடு, பால்காரன் இன்னும் வரலீன்னு சொல்லு" என்பாள். கேஸ் சிலிண்டர், வீட்டு வரி, திருப்பூரிலிருந்து மகள் போன் பண்ணிய விஷயம், எல்லாம் ஆடு வழியாகத்தான். அது இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். நல்ல பிராணி. எடுத்ததற்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லாது.

இப்படியே ஆவணி வந்துவிட்டது.

ஒரு நாள் காலை எழுந்தேன். வலது கால் செருப்புக்குள் போக மாட்டேன் என்றது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். இழுத்து இழுத்து நடந்து ஆட்டின் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. சொல்லெல்லாம் உள்ளே இருக்கிறது. காப்பி என்று தெரிகிறது, ஆடு என்று தெரிகிறது. கிளம்ப மாட்டேன் என்கிறது. ஆடு என்னைப் பார்க்கிறது. நான் ஆட்டைப் பார்க்கிறேன்.

இவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்ன நினைத்தாளாம் தெரியுமா? "இப்ப ஆட்டுக்கிட்டயும் கோவமா?" என்று நினைத்தாளாம். வேறு வீடாக இருந்தால், புருஷன் வாய் திறக்கவில்லை என்றதும் பதறியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது பழகிப்போன விஷயம்.

காப்பியைக் கொண்டுவந்து துவைக்கிற கல்மேல் வைத்தாள். முகம் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நான் வலது கையால் எடுத்தேன். எடுத்ததாக நினைத்தேன். டம்ளர் உருண்டது. உடனே இவள், "ஏ ஆடு, டம்ளரை வீசற வயசா இது? என்ன கோவம்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லு!" என்று கத்தினாள். ஆட்டைப் பார்த்துக் கத்தினவள், அந்த வேகத்திலேயே திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். தைக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். என் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததாம். வெயில் கண்ணில் பட்டால் யாருக்கும் வாய் கொஞ்சம் கோணத்தான் செய்யும். அதற்கு அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

108 வந்தது. காங்கயத்தில் பார்த்த டாக்டர், "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு மாதிரி இருக்கு. கோயம்புத்தூருக்குக் கொண்டு போங்க, அதுக்குண்டான ஸ்கேன் அங்கதான் இருக்கு. வழியில எங்கயும் நிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். இதே ரோட்டில்தான் போனோம். பொங்கலூர், பல்லடம், சூலூர். படுத்துக்கொண்டு போனாலும் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். டிரைவர் நல்ல நேரம் எடுத்தான். அதைச் சொல்லிப் பாராட்டத்தான் வாய் வரவில்லை. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வலது கையை. உணர்ச்சி இல்லாத கையை. பிடித்திருப்பதே எனக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இடது கையைப் பிடித்திருக்கலாம். சொன்னால் கேட்கிறவளா?

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண், ஹெலன் என்று பெயர். வயது குறைவு, பேச்சு வேகம். முதல் கேள்வியே, "ஐயா கடைசியா எப்பம்மா நல்லாப் பேசினார்?"

இவள் சொல்கிறாள்: "தை மாசமுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தை மாசத்துல இருந்து பேச்சு வரலையா?"

"பேச்சு வருமுங்க. எங்கிட்டத்தான் வராது."

நர்சுகள் இருக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் இருக்கிறார், பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒருவர் கால் கட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இது குடும்ப விஷயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

"சரி, வேற யார்கிட்டயாவது பேசினாரா? அடைப்பைக் கரைக்கற ஊசியை, ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ளதான் போடலாம். கடைசியா எப்ப நல்லா இருந்தார்னு தெரியணும்மா."

இவள் யோசித்தாள். நன்றாக யோசித்துவிட்டு, "நேத்து சாயங்காலம் ஆட்டுக்கிட்டப் பேசினாருங்க" என்றாள். "நல்லாத்தான் பேசினாரு. மழ வருமாட்ட இருக்குது, துணிய எடுக்கச் சொல்லுன்னாரு."

"யார்கிட்ட?"

"ஆட்டுக்கிட்டங்க."

ஒரு நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

கொஞ்சம் நினைத்துப் பாருங்க. ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவன் நான். என் தலைக்குள் ஒரு வண்டி எப்போது நின்றது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கே தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த நேரத்தில்தான் என் உயிரே நிற்கிறது.

"அப்ப நேரத்தை விடுங்க. படத்தைக் கேப்போம்" என்றார் டாக்டர்.

நேரத்தை விடுங்க! ஒரு டைம் கீப்பர் படுத்திருக்கும் இடத்தில் சொல்கிற பேச்சா இது?

வளையம் மாதிரி ஒரு மிஷின். தலை அசையாமல் பட்டை போட்டுக் கட்டினார்கள். முதலில் சாதாரண ஸ்கேன். உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்று அதில் தெரிந்துவிட்டது. பிறகு கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். ரத்தம் எங்கே போகிறது, எங்கே போகவில்லை, எங்கே தாமதமாகப் போகிறது என்று அந்த மருந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். அது ஏறும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும் பாருங்க, நான் வேட்டியை நனைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். சத்தியமாக இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம், பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "அசையாதீங்க ஐயா, பேசாதீங்க" என்று ஸ்பீக்கரில் ஒரு குரல். பேசாதீங்களாம். அதை என்னிடம் சொல்கிறார்கள்.

வெளியே கொண்டுவந்து கதவுப் பக்கம் நிறுத்தினார்கள். உள்ளே டாக்டர் இவளுக்குத் திரையில் காட்டுகிறார். எனக்குக் காது கேட்கிறது, புத்தி வேலை செய்கிறது. வாய்தான் இல்லை.

"இது ஐயாவோட மூளை. இந்தச் சிவப்பு செத்துப்போன இடம், இனி திரும்பாது. சின்னதுதான். சுத்தி இருக்கற பச்சை, ரத்தம் பத்தாம தவிக்குது. ஆனா இன்னும் சாகலை. எவ்வளவு பெருசு பாருங்க. இதைக் காப்பாத்தலாம். எத்தனை மணிக்கு அடைச்சதுன்னு தெரியாட்டியும் படம் நமக்குச் சாதகமா இருக்கு. தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு அடைப்பை இழுத்துடலாம். ஆனா இப்பவே செய்யணும். விட்டா பச்சையும் சிவப்பாயிடும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரோட்டில் மரம் விழுந்துவிட்டது. ஒரு வண்டி நசுங்கிவிட்டது, அது போகட்டும். பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, இன்ஜின் அணையவில்லை. டீசல் தீர்வதற்குள் மரத்தை எடுத்தால் எல்லாம் கிளம்பிவிடும். எப்போது விழுந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்காமல், இன்ஜின் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்திருக்கிறார்கள். முறை என்னவோ சரிதான். இருந்தாலும் நேரத்தை விடுங்க என்று சொல்லியிருக்க வேண்டாம்.

"ஆபத்து இருக்குதுங்களா?" என்றாள் இவள்.

"இருக்கும்மா. மறைக்க மாட்டேன். செஞ்சாலும் பேச்சு முழுசாத் திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அதற்கு இவள் சொன்ன பதிலைக் கேளுங்க. காதுகுத்தில் சொன்னதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். இதை முடியாது. "பேசாட்டிப் போகுதுங்க. பேசாம இருந்து எனக்குப் பழக்கந்தான். ஆளு ஊட்டுக்கு வந்தாப் போதும்" என்றாள்.

பேசாட்டிப் போகுதாம். நான் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன என்கிற அலட்சியம்! கையெழுத்துப் போடும்போதும் அப்படித்தான், கவனமே இல்லை. பேனா இரண்டு மூன்று தடவை கை நழுவி விழுந்தது. ஒரு நர்ஸ் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

எடுத்துவிட்டார்கள். அடைப்பு ஒரு கொத்தமல்லி விதை அளவுதான் இருந்ததாம். அந்த அளவுக்கா இத்தனை கூத்து! கண் விழித்தபோது டாக்டர் குனிந்து, "கிட்டுசாமி ஐயா, ஏதாவது சொல்லுங்க பாப்போம்" என்றார். தேடித் தேடிப் பிடித்தேன். வந்தது இதுதான்: "மணி... என்ன?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் கட்டில் காலடியிலிருந்து இவள் குரல். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "பஸ் பாக்கற ஆளு வந்துட்டாருங்க!"

பார்த்தீர்களா? மறுபடியும்! தலைக்குள் அடைப்பு எடுத்த ஈரம்கூடக் காயவில்லை. அதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். "நீங்க பேசுங்க, பேசாம இருங்க, அது உங்க இஷ்டம். ஆனா இன்னொரு தடவை என்னால ஆட்டைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது" என்றார். "காலையிலயும் சாயங்காலமும் குறிச்ச நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் நேராப் பாக்கணும். சிரிக்கணும், வாய் கோணுதான்னு தெரியும். ரெண்டு கையும் தூக்கணும், ஒண்ணு கீழ இறங்குதான்னு தெரியும். ஒரு வாக்கியம் சொல்லணும், குழறுதான்னு தெரியும். ஏதாவது மாறினா உடனே 108. அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு, அதனால ரெண்டு பேரும்."

"என்ன வாக்கியமுங்க?" என்றாள் இவள்.

"எதுவானாலும் சரி. தினமும் அதையே சொன்னா வித்தியாசம் நல்லாத் தெரியும்."

அங்கேதான் டாக்டர் தப்புப் பண்ணிவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் இவள் வேப்பமரத்தடிக்குப் போனாள். "ஏ ஆடு, அவருக்கு வாக்கியம் நாந்தான் சொல்லுவேன். 'மயிலாத்தா சொன்னது விளையாட்டுக்குத்தான்.' இதைத்தான் சொல்லோணும்."

விடுவேனா? "ஏ ஆடு, அப்ப அவளுக்கு வாக்கியம் நாஞ்சொல்றது. 'எங்க ஊட்டுக்காரர் விசில் ஊதலீன்னா ஒரு வண்டியும் ஊர் போய்ச் சேராது.' ஒரு எழுத்துக் கொறையக் கூடாது."

ஆடு இரண்டு பேரையும் பார்த்தது. ஒத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை. இது பேச்சு இல்லை தம்பி, மருந்து. மாத்திரை விழுங்குவதில்லையா, அந்த மாதிரி. சண்டை அதுபாட்டுக்கு இருக்கிறது.

புரட்டாசியில் ஒரு நாள் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். முந்தின நாள் அவள் அண்ணன் வந்திருந்தபோது, பஸ் பற்றி என்னவோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். சரி, இன்றைக்கு வாக்கியம் கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏனுங்க" என்றாள். நான் பேசவில்லை. "ஏனுங்க!" என்றாள். கை தூக்கவில்லை, சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடக்கூட இல்லை, போனை எடுத்துவிட்டாள்.

108 வந்து வாசலில் நிற்கிறது. தெரு முழுக்க நிற்கிறது. வண்டியில் வந்த பையன், "கையத் தூக்குங்க ஐயா" என்றான். தூக்கினேன். "சிரிங்க" என்றான். அத்தனை பேர் பார்க்கும்போது எப்படிச் சிரிப்பது? சிரித்தேன். "ஏதாவது பேசுங்க" என்றான். எனக்கு வாயில் பழகியது வந்துவிட்டது. தெருவே கேட்க, "மயிலாத்தா சொன்னது விளையாட்டுக்குத்தான்."

காதுகுத்துப் பந்தி தோற்றது போங்க. வண்டிக்காரப் பையன் என்னைத்தான் திட்டிவிட்டுப் போனான், அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சும்மா நடிப்பு. நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றாள்.

அதற்குப் பிறகு நான் நேரம் தவறுவதில்லை. நேரம் தவறினால் நான் என்ன டைம் கீப்பர்? ஆட்டுக்குத்தான் கொஞ்சம் ஏக்கம், இப்போது யாரும் அதனிடம் பேசுவதில்லை. வாக்கியம் ஒன்றோடு நிற்பதில்லை பாருங்க. குழறல் சரியாகத் தெரியவில்லை, இன்னும் நாலு வார்த்தை சொல்லுங்க என்பாள். நானும் சொல்வேன், அவளும் சொல்வாள். சில நாள் அப்படியே வெயில் ஏறிவிடும். எல்லாம் வைத்தியத்துக்காக.

பல்லடம் தாண்டியாச்சா? அப்படியென்றால் நேரமாகிவிட்டது. இதோ, திரும்பிவிட்டாள் பாருங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்க தம்பி, நான் எழுந்து நிற்க வேண்டும்.

"மயிலாத்தா சொன்னது விளையாட்டுக்குத்தான்!"

இல்லப்பா கண்டக்டர், இறங்கலை. கை தூக்கினா இறங்கத்தானா? நீ டிக்கெட்டைப் பாரு.

இனி அவள் முறை. டிரைவர் தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா. நிறுத்துன்னா நிறுத்து, அப்புறம் போட்டுக்கலாம்!

இரண்டு கையும் தூக்கிவிட்டாள். சமமாகத்தான் நிற்கிறது. சொல்கிறாள்... உங்களுக்குக் கேட்டதா? 'ஊர் போய்ச் சேராது' முழுசாக வந்ததா? அந்த லாரிக்காரன் ஹாரனில் கடைசி வார்த்தை போய்விட்டது. இன்னொருக்காச் சொல்லு மயிலா! நிதானமா!

ம். வந்தது. முழுசாக வந்தது.

என்ன சிரிக்கிறீங்க? நானா பேசினேன்? அதையெல்லாம் பேச்சில் சேர்க்கக் கூடாது. அதை விடுங்க. என் கண் கொஞ்சம் மங்கல், உங்களுக்கு நல்லாத் தெரியும். அவள் சிரித்தபோது வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருந்தது? அவசரப்படாமல் பார்த்துச் சொல்லுங்க. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.